நாய்க்கு ஒரு சிட்டை

எங்கள் வீட்டில் எந்தச் செலவுக்கும் ஒரு சிட்டை உண்டு. அப்பத்தா தம் கையால் எழுதிய பால் கணக்கும் சலவைக் கணக்கும் துணியில் சுற்றியபடி இன்றும் இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கின்றன. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 2018-இல் செட்டிநாட்டில் பள்ளத்தூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு நான் திரும்பியபோது, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் அந்த வீட்டில் தனியாக இருப்பதற்கு ஒரு நாயாவது துணை வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் முகப்புத் திண்ணைக்கு அடியில் வந்து ஒதுங்கிய நாட்டு நாய்க்குட்டி ஒன்று அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த அன்றே அதற்கும் ஒரு சிட்டை போட்டேன்.

அந்தச் சிட்டையைச் சென்ற மாதம் ஆற அமர உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். உணவுச் செலவைத் தனியாக ஒதுக்கிவிட்டு மருத்துவத்தை மட்டும் எடுத்தால், ஆறு ஆண்டுகளில் 38,600 ரூபாய் ஆகியிருக்கிறது. இதில் மருத்துவர்களுக்குக் கொடுத்தது 4,800 ரூபாய். மருந்து, ஊசி, இரத்தப் பரிசோதனை, அறுவைச் சிகிச்சைக்கான பொருள்கள் எல்லாம் சேர்த்து 17,600 ரூபாய். மீதி 16,200 ரூபாய் முழுவதும் வண்டி வாடகை. நாய் வளர்ப்பது செலவு என்று சொல்பவர்கள் மருத்துவரின் கட்டணத்தைத்தான் குறை சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் உண்மையான செலவு தூரத்திலும் தாமதத்திலும் இருக்கிறது என்பதை என் சிட்டை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அந்த வண்டி வாடகையில் பெரிய துண்டு 2021-ஆம் ஆண்டுக்குரியது. செவலை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் காலம் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காம் நாள் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அருகில் யாரும் கிடைக்காமல், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மதுரைக்குக் கார் எடுத்தேன். போய்வர, காத்திருக்க என்று 3,400 ரூபாய் வாடகை. மருத்துவர் கட்டணம் 400, இரத்தப் பரிசோதனை 1,300, குளுக்கோஸும் ஊசிகளும் 1,700. நோய் என்னவென்று பார்த்தால் உண்ணிக் காய்ச்சல். எர்லிகியா என்னும் நுண்ணுயிரி உண்ணியின் கடி வழியாக இரத்தத்தில் கலந்து, இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிட்டிருந்தது. அதைத் தீர்த்தது டாக்ஸிசைக்ளின் மாத்திரை. 28 நாளைக்கும் சேர்த்து 290 ரூபாய். ஆக 7,090 ரூபாயில் நோயைத் தீர்த்த மருந்தின் பங்கு 290 ரூபாய்தான். “இரண்டாம் நாளே உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் காட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே, ஆச்சி” என்று அந்த மருத்துவர் சொன்னபோது எனக்குச் சற்றுக் கோபம் வந்தது உண்மை. வீட்டுக்கு வந்து எழுதிக் கூட்டியபோது கோபம் போய்விட்டது.

மாட்டாஸ்பத்திரி என்னும் பெயரிலேயே செட்டிநாட்டு நாய்களின் நிலை அடங்கியிருக்கிறது. அரசின் கால்நடை மருத்துவ அமைப்பு கறவை மாட்டையும் ஆட்டையும் கோழியையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்காக உருவானது. மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி வீட்டு வாசலுக்கே இலவசமாக வருகிறது. ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி வருகிறது. பால் தராத, கறி தராத நாய்க்கு அப்படி யாரும் வாசலுக்கு வருவதில்லை. தை பிறந்தால் சிராவயல், மாசி மகத்துக்கு அரளிப்பாறை என்று மஞ்சுவிரட்டுக் காலத்தில் எங்கள் மருத்துவர்களுக்குக் காளைகளைப் பரிசோதிக்கவே நேரம் போதாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மாடு செத்தால் ஒரு குடும்பத்தின் வருமானம் போகிறது. வரிசையில் அந்த மாடு முன்னால் நிற்பதுதான் நியாயம். ஆனால் வரிசையில் நாய்க்கும் இடம் உண்டு என்பது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வைரவன்பட்டிக் கோயிலில் நாயை வாகனமாகக் கொண்ட வைரவரைக் கும்பிடுகிற நாங்கள், வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

அரசு அமைப்பில் சிற்றூருக்குக் கால்நடை மருந்தகம், அதற்கு மேலே மருத்துவமனை, அதற்கும் மேலே பெருமருத்துவமனை, பன்முக மருத்துவமனை என்று படிகள் உள்ளன. காய்ச்சல், புண், கழிச்சல், தடுப்பூசி, குடற்புழு நீக்கம் ஆகியவற்றுக்கு மருந்தகமே போதும். எக்ஸ்-ரே, ஸ்கேன், அறுவை ஆகியவற்றுக்குத்தான் மேலே போக வேண்டும். அதையும் தாண்டினால், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. அங்கே மாணவர்கள் கற்கும் மருத்துவமனை என்பதால் சிறப்பு மருத்துவர்கள் பலர் ஒரே இடத்தில் இருப்பார்கள். மதுரை, திருச்சி தனியார் மருத்துவமனைகளைவிடக் கட்டணமும் குறைவு. அவசரமில்லாத பெரிய சிகிச்சை எதுவானாலும் நான் முதலில் நினைப்பது அந்த இடத்தைத்தான்.

மருந்தகத்துக்குப் போவதற்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. காலையில் திறந்தவுடன் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் மருத்துவர் சினை ஊசி போடவோ கன்று ஈனாமல் தவிக்கும் மாட்டைப் பார்க்கவோ கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார். அவருடைய பொறுப்பில் வேறு ஓர் ஊரும் கூடுதலாக இருந்தால், எந்தக் கிழமையில் எங்கே இருப்பார் என்று உதவியாளரிடம் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளலாம். நாய்க்கான தடுப்பூசி மருந்து அங்கே எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. மருந்துக் கடையில் வாங்கிவரச் சொல்வார்கள். அப்படி வாங்கும்போது விலையைவிட முக்கியமானது குளிர்ச்சி. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரிலேயே இருந்தாக வேண்டும். சித்திரை வெயிலில் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரு சக்கர வண்டியில் ஒரு மணி நேரம் சுற்றினால், பின்னர் போடுவது வெறும் தண்ணீருக்குச் சமம். கடைக்காரர் பனிக்கட்டி தராவிட்டால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். நான் சாப்பாடு கொண்டுபோகும் பழைய வெந்நீர்க் குடுவையில் பனிக்கட்டி போட்டு எடுத்துப்போகிறேன்.

இதில் ஊர் கூடிச் செய்யக்கூடிய சிக்கனம் ஒன்று உண்டு. வெறிநோய்த் தடுப்பூசி ஒரு நாய்க்கான சிறு குப்பியாகவும், பத்து நாய்களுக்கு ஆகும் 10 மில்லி குப்பியாகவும் விற்கப்படுகிறது. பெரிய குப்பியில் ஒரு நாய்க்கு ஆகும் விலை வெகுவாகக் குறையும்; ஆனால் திறந்த குப்பியை வைத்திருக்க முடியாது, அன்றே தீர்த்துவிட வேண்டும். மூன்று ஆண்டுகளாக எங்கள் தெருவில் நாய் வைத்திருக்கும் வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் மருத்துவரை வரச் சொல்கிறோம். வெளியூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளைக் காக்கும் நாய்களும் இதில் அடக்கம். அந்த வீடுகளின் காவல்காரர்கள் கொண்டுவருகிறார்கள், செலவை வீட்டுக்காரர்கள் அனுப்பிவிடுகிறார்கள். மருத்துவர் வந்துபோகும் செலவும் பத்தாகப் பிரிகிறது. சென்ற முறை என் பங்கு 90 ரூபாய். இது தவிர, ஜூலை 6 அன்றும் செப்டம்பர் 28 அன்றும் பல அரசு கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். முதல் நாள், 1885-இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாள். இரண்டாவது, அவர் மறைந்த நாள். அந்த இரண்டு தேதிகளையும் என் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. அறிகுறி தோன்றிய பிறகு வெறிநோய்க்கு மருந்தே கிடையாது என்பதால், இந்த ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது.

குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ நோயைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். அண்ணன் மகன் சென்னையில் 12,000 ரூபாய் கொடுத்து லாப்ரடார் குட்டி ஒன்றை வாங்கி, ஐம்பது நாள் குட்டியாக இருந்தபோதே ஊரில் வயது நிறைவுக்காக நடந்த ஒரு சாந்திக்கு அழைத்துவந்தான். ஒரு ஊசிதான் போட்டிருந்தது. ஒரே ஊசி போதும் என்று நினைப்பது எல்லோரும் செய்யும் பிழை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் முதல் ஊசியின் வேலையைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால்தான், ஆறாவது வாரம் முதல் எட்டாவது வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாக, பதினாறு வாரம் ஆகும் வரை போடச் சொல்கிறார்கள். வந்த மூன்றாம் நாள் குட்டி வாந்தி எடுத்தது. மறுநாள் இரத்தக் கழிச்சல். ஐந்து நாள் காலையும் மாலையும் குளுக்கோஸ் ஏற்றி, ஊசிகள் போட்டு 11,500 ரூபாய் ஆயிற்று. குட்டி பிழைத்தது, நல்ல காலம். ஊசி வரிசை முடியும் வரை குட்டியை வெளியே கொண்டுவராமல் இருந்திருந்தால் எல்லா ஊசிகளுக்குமான 2,100 ரூபாயோடு முடிந்திருக்கும். அந்த நோய்க்கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும் என்பதால் வீட்டின் உள்முற்றமான வளவு முழுவதையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவ வேண்டியிருந்தது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களின் பளபளப்பு ஒரு மூலையில் மங்கியது இன்னும் தெரிகிறது. அந்தச் செலவை நான் எந்தச் சிட்டையிலும் எழுதவில்லை.

பழைய வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு முதல் எதிரி உண்ணிதான். நாயின் மேல் நாம் பார்க்கும் உண்ணி, வீட்டில் இருக்கும் உண்ணிகளில் ஒரு சிறு பகுதி. இரத்தம் குடித்து வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் நிலைக்கதவின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. சுண்ணாம்புக் காரை பெயர்ந்த சுவரும், நூறு ஆண்டு பழைய தேக்குத் தூண்களும், திறக்காத அறைகளும் உள்ள எங்கள் வீடுகளில் அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. எனவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பணம் வீண். நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள விரிசல்களை முதலில் சுண்ணாம்பும் சிமெண்டும் வைத்து அடைத்தேன். கொத்தனாருக்குக் கூலியும் சாமானும் 1,400 ரூபாய். சாக்குப் படுக்கையை வாரம் ஒரு முறை கொதிநீரில் போடுகிறேன். அதற்குப் பிறகுதான் மருந்து. ஒரு முறை கொடுத்தால் 12 வாரம் காக்கும் மெல்லும் மாத்திரை விலை அதிகம். நீரில் கலந்து உடம்பில் தேய்க்கும் அமிட்ராஸ் மருந்து விலை மிகக் குறைவு. நான் முதலில் மலிவானதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் கையுறை போட வேண்டும், காயும் வரை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அளவு தவறினால் நாய் மயங்கிவிடும். அறுபது வயதுக்கு மேல் இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியவில்லை. இப்போது உண்ணி பெருகும் பங்குனி முதல் ஆடி வரை மாத்திரையும், மற்ற மாதங்களில் தினமும் காது மடலையும் விரலிடுக்கையும் தடவிப் பார்ப்பதுமாக வைத்திருக்கிறேன். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை மருத்துவரைக் கேட்காமல் நாய்க்கும் கொஞ்சம் போட்டுவிடும் வழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. மாட்டின் அளவு நாய்க்குப் பொருந்தாது. சில இன நாய்களுக்கு அது நரம்பைத் தாக்கி உயிரையே எடுத்துவிடும்.

பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் கருத்தடை அறுவையைச் செலவாக நினைக்கிறார்கள். செவலைக்கு ஒரு அரசு மருத்துவமனையில் மயக்க மருந்தும் தையல் நூலும் வாங்கிக்கொடுத்துச் செய்ததில் 2,300 ரூபாய் ஆனது. தனியாரிடம் 6,000 கேட்டார்கள். எதிர்வீட்டுப் பெட்டை லாப்ரடாருக்கு, ‘வாயில்லா ஜீவனுக்கு ஏன் அந்தப் பாவம்’ என்று செய்யாமல் விட்டார்கள். ஏழாம் வயதில் கருப்பையில் சீழ் பிடித்தது. அது மாத்திரையில் தீரும் நோயன்று. கருப்பையை எடுத்தாக வேண்டும், அதுவும் காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவுமாகக் கிடக்கும் உடம்பில். திருச்சியில் மூன்று நாள் தங்கி 18,000 ரூபாய் செலவழித்தார்கள். வயது வந்த பெட்டை நாய் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ அதை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று அந்த வீட்டார் இப்போது எல்லோருக்கும் சொல்கிறார்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாத இடமும் இருக்கிறது. என் தோழி ஒருத்தி, காய்ச்சலில் கிடந்த பூனைக்குத் தன் பையிலிருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுத்தாள். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தைச் செரிக்கும் ஆற்றல் இல்லை. இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பு நிறமாகி, மறுநாள் விடிவதற்குள் பூனையின் உயிர் போய்விட்டது. மனிதர்கள் வலிக்குப் போடும் இபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளும் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டு ரூபாய் மாத்திரையால் மருத்துவரின் நூறு ரூபாயை மிச்சப்படுத்த நினைத்தவர்களின் கதை ஊருக்கு ஒன்று இருக்கும்.

சாப்பாட்டு விஷயத்திலும் எங்கள் பக்கத்துக் கை தாராளம்தான் கெடுதல் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய கோழிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து நாய்க்கு வைக்காத வீடு கிடையாது. செட்டிநாட்டுக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எதுவும் நடக்காது. அவை இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலில் குத்தும். அதை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டிவரும். நான் கடையில் கோழித் தலையும் ஈரலும் கிலோக் கணக்கில் மலிவாக வாங்கி, மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்து, எலும்பை அகற்றிச் சோற்றோடு கலந்து, பரங்கிக்காய் சேர்த்துக் கொடுக்கிறேன். விருந்து வீட்டு இலையில் மிஞ்சியதைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து தருபவர்களிடம் செவலைக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். வேறு எப்படிச் சொன்னாலும் மனம் வருத்தப்படுகிறார்கள்.

தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் தயங்காமல் கேட்க வேண்டியவை சில. இந்தப் பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றுமா, மாற்றாது என்றால் நாளைக்குப் பார்க்கலாமா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் அதற்கு நிதானமாகப் பதில் சொல்வார். மருந்துச் சீட்டில் நிறுவனம் வைத்த பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரை எழுதித்தரச் சொன்னால், டாக்ஸிசைக்ளின் போல மனிதருக்கும் நாய்க்கும் பொதுவான மருந்துகளை மக்கள் மருந்தகத்தில் மிகக் குறைந்த விலையில் வாங்கலாம். அளவை மட்டும் மருத்துவர் சொன்னபடி கொடுக்க வேண்டும். கால்நடை மருத்துவமனையின் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி வரி விலக்கு உண்டு. ஒரு முறை எனக்குக் கொடுத்த ரசீதில் அறுவைக் கட்டணத்தின் மீதே வரி போட்டிருந்தார்கள். எடுத்துக் காட்டியவுடன் மறுபேச்சு இல்லாமல் திருத்திக்கொடுத்தார்கள். வங்கியில் முப்பத்து மூன்று ஆண்டு ரசீது பார்த்த கண் சும்மா இருக்குமா? நாய்க்குக் காப்பீடும் இருக்கிறது. ஆனால் விலக்குகளையும் வயது வரம்பையும் படித்துப் பார்த்தபின், நாட்டு நாய்க்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். விலை கொடுத்து வாங்கிய இன நாய் வைத்திருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அதற்குப் பதிலாக மாதம் 500 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்கியிருக்கிறேன். செவலைக்கு ஆறு வயது முடிகிறது; இனிமேல்தான் பல்லும் மூட்டும் சிறுநீரகமும் செலவு வைக்கும். வண்டிச் செலவுக்கும் ஒரு வழி செய்துவிட்டேன். நாயை ஏற்றமாட்டேன் என்னும் ஆட்டோக்காரர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம் என்பதால், சம்மதிக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, இருக்கைக்குப் போடப் பழைய ஜமுக்காளம் ஒன்றையும் அவர் வண்டியிலேயே வைத்திருக்கிறேன். 1962 என்ற எண்ணில் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி முதன்மையாக மாடு ஆடுகளுக்கானது என்பதால் அதை நம்பி நான் காத்திருப்பதில்லை. அருகில் உள்ள மருந்தகம், பெருமருத்துவமனை, இரவில் தொலைபேசி எடுக்கும் தனியார் மருத்துவர் ஆகியோரின் எண்களைச் சிட்டையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படி எடுத்துக் காவல்காரரிடமும் கொடுத்திருக்கிறேன்.

நேற்றைய பதிவு இது: குடற்புழு மாத்திரை 60 ரூபாய், ஆட்டோ 150 ரூபாய், ஜமுக்காளம் துவைக்க 40 ரூபாய். மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து கொடுத்தேன். செவலை வெல்லத்தை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் திண்ணையில் துப்பியது. இன்று வேகவைத்த ஈரலில் வைத்துக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.